மது வருவாயில் குடிநோயாளிக்கும் பங்கு உண்டு

தமிழ்நாட்டில் மதுவைப் பற்றிய பொது விவாதம் நெடுங்காலமாகக் கடைகளின் எண்ணிக்கையையே அளவுகோலாகக் கொண்டு நடந்து வருகிறது. ஆட்சிக்கு வரும் கட்சி சில நூறு கடைகளை மூடுவதும், எதிர்க்கட்சி எஞ்சிய கடைகளைச் சுட்டிக்காட்டுவதும், தேர்தல் நெருங்கும்போது படிப்படியான மதுவிலக்கு என்ற வாக்குறுதி மீண்டும் அச்சேறுவதும் வழக்கமாகிவிட்டன. 2016, 2017, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் 500 கடைகள் வீதம் மூடப்பட்டன. ஆயினும், மக்கள் டாஸ்மாக் என்றழைக்கும் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகத்தின் விற்பனையால் அரசுக்குக் கிடைக்கும் ஆயத்தீர்வையும் மதிப்புக்கூட்டு வரியும் சேர்ந்து 2022-23இல் 44,121 கோடி ரூபாயாக இருந்து, 2024-25இல் 48,344 கோடி ரூபாயாக உயர்ந்துள்ளன. இந்த உயர்வில் ஒரு பகுதி விலையேற்றத்தாலும் வரியுயர்வாலும் வந்தது என்பதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், கடைகளின் எண்ணிக்கை குறைவதும் குடி குறைவதும் ஒன்றல்ல என்பது தெளிவு. மூடுவதா, விற்பதா என்ற இந்த வாதத்துக்கு நடுவே, ஏற்கெனவே குடிக்கு ஆட்பட்டு நோயாளியாகிவிட்ட மனிதரைப் பற்றியும், அவரோடு சேர்ந்து சரிந்துகொண்டிருக்கும் குடும்பத்தைப் பற்றியும் பேச்சே எழுவதில்லை.

மதுவின் தீங்கைப் பேசுவோர் அதன் அளவைப் பற்றிப் பேசுவது அரிது. டாஸ்மாக் கடைகளில் பெரும்பாலும் விற்பனையாவது 180 மில்லிலிட்டர் கொண்ட, குவார்ட்டர் எனப்படும் சிறு புட்டியாகும். பிராந்தி, ரம், விஸ்கி போன்ற வடித்தெடுத்த மதுவகைகளில் 42.8 விழுக்காடு எத்தனால், அதாவது போதை தரும் சாராயப்பொருள், இருக்கிறது. இக்கணக்கின்படி ஒரு குவார்ட்டரில் உள்ள எத்தனாலின் எடை ஏறத்தாழ 61 கிராம். உலக சுகாதார நிறுவனம், ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ எத்தனாலை உட்கொள்வதை மிகைக்குடி என வகைப்படுத்துகிறது. ஆகவே, கடையில் மிகச் சாதாரணமாகக் கைமாறும் அளவே மருத்துவ உலகம் அபாயம் என்று வரையறுத்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. இருவர் பணம் சேர்த்து ஒரு குவார்ட்டரைக் கட்டிங் போட்டுக்கொள்ளும் வழக்கம் உண்டு என்றாலும், நாள் முழுதும் உடலுழைப்பில் களைத்தவர் வெறும் வயிற்றில் தனியாகவே அதை ஒரே மூச்சில் குடித்து முடிப்பதும் பரவலாகக் காணப்படுவதே. உணவு இல்லாத வயிற்றிலிருந்து எத்தனால் விரைவாகக் குருதியில் கலப்பதால், அதே அளவு மது அவரை இன்னும் கடுமையாகத் தாக்குகிறது.

அந்த ஒரு புட்டி உடலுக்குள் செய்வது என்ன என்பதையும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஆண் ஒருவர் ஒரு குவார்ட்டரைக் குறுகிய நேரத்தில் குடித்தால், அவருடைய 100 மில்லிலிட்டர் குருதியில் ஏறத்தாழ 150 மில்லிகிராம் எத்தனால் சேரக்கூடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு வாகனம் ஓட்டுவோருக்கு விதித்துள்ள உச்சவரம்பு 30 மில்லிகிராம். அதாவது, அவர் சட்ட வரம்பைப் போல ஐந்து மடங்கு போதையில் இருக்கிறார். கல்லீரல் 100 மில்லிலிட்டர் குருதிக்கு மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் என்ற வேகத்திலேயே அதை அகற்றுவதால், அவர் மீண்டும் வண்டி ஓட்டத் தகுதி பெற எட்டு மணி நேரம் ஆகும். மோரோ, எலுமிச்சைச் சாறோ, குளிர்ந்த நீரில் குளிப்பதோ இந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. கடையை ஒட்டிய மதுக்கூடங்களின் வாசலில் வரிசையாக நிற்கும் இருசக்கர வாகனங்களில் எத்தனை அந்த எட்டு மணி நேரம் காத்திருந்து கிளம்புகின்றன என்பதைச் சாலையைப் பயன்படுத்தும் எவரும் அறிவர். இரவு 10 மணிக்குக் கடையை அடைத்த பிறகு அந்தச் சாலையில் குழந்தையோடு வரும் மற்றொரு குடும்பம், தான் தொடாத மதுவுக்கு விலை கொடுக்க நேரிடுகிறது.

கல்லீரல் எத்தனாலை முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாக மாற்றுகிறது. அது உயிரணுக்களின் மரபுப்பொருளைச் சிதைக்கவல்லது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மதுவை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது உறுதியான பொருள்களின் முதற்பட்டியலில் 1988ஆம் ஆண்டிலேயே சேர்த்துவிட்டது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்களுக்கும் மதுவுக்கும் உள்ள தொடர்பு ஐயமின்றி நிறுவப்பட்டுள்ளது. கல்லீரலில் முதலில் கொழுப்பு படிகிறது. குடியை நிறுத்தினால் அந்த நிலை பெரும்பாலும் சீராகிவிடும். குடி தொடர்ந்தால் அழற்சியும், அதன்பின் கல்லீரல் தழும்பேறிக் கெட்டிப்படும் சிரோசிஸ் நிலையும் வருகின்றன. வயிற்றில் நீர் கோத்துக்கொள்வதும், கண்கள் மஞ்சளிப்பதும், உணவுக்குழாயின் புடைத்த நாளங்கள் வெடித்து இரத்த வாந்தி வருவதும் அதற்குப் பின்னரே நிகழ்கின்றன என்பதால், பலர் மருத்துவமனைக்கு வரும்போது காலம் கடந்திருக்கிறது. மதுவால் 2019இல் உலகெங்கும் 26 லட்சம் பேர் இறந்தனர் என்றும், அவர்களில் 20 லட்சம் பேர் ஆண்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. உடல்நலத்துக்குத் தீங்கற்றது என்று சொல்லத்தக்க மதுவின் அளவு எதுவுமில்லை என அந்நிறுவனம் 2023இல் வெளிப்படையாகவே அறிவித்தது.

உடலின் சேதத்தைவிட விரைவாக வந்து சேர்வது வீட்டின் சேதம். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயதைக் கடந்த ஆண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மது அருந்துகிறார். பெண்களில் அது நூற்றில் ஒருவர் கூட இல்லை. ஆகவே, இங்கு குடிப்பவர் ஒருவராகவும், அதன் விளைவைச் சுமப்பவர் வேறொருவராகவும் இருக்கின்றனர். அதே ஆய்வு இந்திய அளவில் கண்டறிந்த ஒரு விவரம் மிகுந்த கவலைக்குரியது: அடிக்கடி போதையேறக் குடிக்கும் கணவரைக் கொண்ட பெண்களில் 70 விழுக்காட்டினர் அவர்களிடம் அடியோ பாலியல் வன்முறையோ அனுபவித்திருக்கின்றனர்; குடிக்காத கணவரைக் கொண்ட பெண்களில் இது 23 விழுக்காடு. குடி மட்டுமே வன்முறைக்குக் காரணம் என்று இதைக் கொண்டு கூறிவிட முடியாது; குடிக்காதவரின் வீட்டிலும் வன்முறை இருப்பதை அந்த 23 விழுக்காடே காட்டுகிறது. ஆனால், பெண்ணைத் தாழ்வாக நடத்தப் பழகிய ஒரு சமூகத்தில் குடி அந்த வன்முறையை மூன்று மடங்காக்கும் துணையாக நிற்கிறது என்று கொள்வதில் தவறில்லை.

பொருளாதாரக் கணக்கும் இதைப் போலவே கொடியது. மலிவான குவார்ட்டரின் விலை 2024 பிப்ரவரியில் 140 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி 319 ரூபாய். அந்தக் கூலியில் வாழும் ஒருவர் நாளுக்கு ஒரு குவார்ட்டர் குடித்தால், ரூபாயில் 44 காசு வீட்டு வாசலை மிதிக்கும் முன்பே கரைந்துவிடுகிறது. குடும்பத் தலைவியருக்கு மாதந்தோறும் அரசு வழங்கும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையான 1,000 ரூபாய், ஏழு குவார்ட்டர் புட்டிகளின் விலைக்குச் சமம். மனைவியின் வங்கிக் கணக்கில் அரசு ஒரு மாதத்துக்கென்று செலுத்துவதை, கணவரின் ஒரு வாரக் குடி அரசுக்கே திருப்பிச் செலுத்திவிடுகிறது. மிச்சமுள்ள மூன்று வாரங்களுக்கு அந்தப் பெண் மகளிர் சுயஉதவிக் குழுவிலும், நுண்கடன் நிறுவனத்திலும், வட்டிக்குக் கொடுப்பவரிடமும் கைநீட்ட வேண்டியிருக்கிறது. பிள்ளைகளின் படிப்பு நின்றுபோவதும், வளர்ந்தும் வளராத பையன் வேலைக்குப் போவதும் இதன் தொடர்ச்சியே. இந்தச் செலவுகள் எந்த நிதிநிலை அறிக்கையிலும் ஏறுவதில்லை. மது வருவாய் மட்டும் வரவுப் பக்கத்தில் ஏறுகிறது.

அரசு இந்த வருவாய்க்கு எப்படிப் பழகிற்று என்பதன் வரலாறு அறிந்துகொள்ள வேண்டியது. சென்னை மாகாணப் பிரதமராக இருந்த இராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிவைத்தார். அதனால் ஏற்பட்ட ஆயத்தீர்வை இழப்பை ஈடுகட்ட 1939இல் அவருடைய அமைச்சரவை பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு விரிந்தது. 1971இல் அது தளர்த்தப்பட்டது, 1974இல் திரும்ப வந்தது, 1981இல் மீண்டும் போயிற்று. மொத்த விற்பனைக்காக 1983இல் தொடங்கப்பட்ட வாணிபக் கழகத்திடம் 2003இல் சில்லறை விற்பனையும் முழுமையாக ஒப்படைக்கப்பட்டது. மதுவிலக்கின் இழப்பை ஈடுசெய்யப் பிறந்த விற்பனை வரியோ, சரக்கு மற்றும் சேவை வரி 2017இல் வந்தபின், பெரும்பாலும் பெட்ரோலியப் பொருள்களின் மீதும் மதுவின் மீதுமே மாநிலங்களுக்கு எஞ்சி நிற்கிறது. மாநில அரசு தானே விகிதம் நிர்ணயித்து வசூலிக்கக்கூடிய வரிகள் இவ்வளவு சுருங்கிவிட்ட நிலையில், எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் நிதித்துறை மது வருவாயை விட்டுக்கொடுக்கத் தயங்கும். இது ஒருவருடைய தனிப்பட்ட குறை அன்று. மாநிலங்களின் வரி உரிமை குறுகியதன் விளைவும் இதில் இருக்கிறது என்பதை மதுவிலக்கை வலியுறுத்துவோர் கணக்கில் கொள்வது நல்லது.

முழு மதுவிலக்கே தீர்வு என்போரின் நோக்கத்தை எவரும் ஐயுற முடியாது. அரசியலமைப்புச் சட்டத்தின் 47ஆவது கூறு, உடல்நலத்துக்குத் தீங்கான போதைப் பொருள்களின் நுகர்வைத் தடைசெய்ய அரசு முயல வேண்டும் என்று வழிகாட்டுகிறது. நெல்லூர் மாவட்டத்தின் தூபகுண்டா என்ற சிற்றூரில் எழுத்தறிவு இயக்கத்தில் படிக்க வந்த பெண்கள் 1990களின் தொடக்கத்தில் மூட்டிய சாராய எதிர்ப்புப் போராட்டம், ஆந்திரத்தில் 1995இல் முழு மதுவிலக்கையே கொண்டுவந்தது. ஆனால், அது 1997இல் தளர்த்தப்பட்டது. ஹரியாணாவில் 1996இல் வந்த மதுவிலக்கு 1998இல் முடிந்தது. 2016 முதல் மதுவிலக்கு நடைமுறையில் உள்ள பிகாரின் சாரண் மாவட்டத்தில் 2022 டிசம்பரில் நச்சுச் சாராயம் பல பத்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்று விற்பனையை ஆதரிப்போர் இதைச் சான்றாகக் காட்டுவர். ஆனால், அரசுக் கடைகள் திறந்திருந்த கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில், 2024 ஜூனில் 60க்கும் மேற்பட்டோர் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து இறந்தனர் என்பதற்கு அவர்களிடம் விடையில்லை. மெத்தனால் என்பது தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் வேறொரு சாராயப்பொருள். உடலுக்குள் அது பார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பை அழிப்பதோடு குருதியையும் அமிலமாக்கி உயிரைப் பறிக்கிறது. குவார்ட்டர் விலையையும் கொடுக்க இயலாமல், அதைவிட மலிவான பொட்டலத்தைத் தேடிப் போனவர்கள் அவர்கள். தடை இருந்தாலும், கடை இருந்தாலும், குடிக்காமல் இருக்க முடியாத நிலைக்கு ஆளானவர் ஏதோ ஒன்றைக் குடிக்கவே செய்வார். அந்த நிலையைக் குணப்படுத்தாத எந்தக் கொள்கையும் அவரைக் காப்பாற்றுவதில்லை.

அந்த நிலைக்கு மருத்துவம் குடிசார்பு நோய் என்று பெயரிட்டுள்ளது. நாள்தோறும் எத்தனாலுக்குப் பழகிய மூளை, அதன் அமுக்கத்துக்கு ஈடுகொடுக்கத் தன் கிளர்ச்சியைக் கூட்டிக்கொள்கிறது. திடீரெனக் குடி நின்றால் அமுக்கம் போய்க் கிளர்ச்சி மட்டும் எஞ்சுகிறது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கும். வியர்வையும், குமட்டலும், படபடப்பும், தூக்கமின்மையும் தொடரும். ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் இல்லாத உருவங்களைக் கண்டு அலறுவதும், ஆள் அடையாளம் தெரியாமல் போவதும், காய்ச்சலும் கூடிய ஜன்னி நிலை சிலருக்கு வரும். மருத்துவம் கிடைக்காவிடில் அது உயிருக்கே ஆபத்தாகும். காலையில் டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கும் ஒருவர் மீண்டும் குடித்ததும் நடுக்கம் நிற்பதைக் கண்டு, குடியே தமக்கு மருந்து என்று நம்பத் தொடங்குகிறார். 2020 பொதுமுடக்கத்தில் கடைகள் ஒரே நாளில் அடைக்கப்பட்டபோது, சவரத்துக்குப் பின் பூசும் திரவத்தையோ வார்னிஷையோ குடித்துச் சிலர் மாண்ட செய்திகள் வந்தன. அதை ஒழுக்கக்கேடு என்று கடிந்தவர்கள் பலர். அது சிகிச்சை கிடைக்காத நோயின் வெளிப்பாடு என்று கண்டவர்கள் சிலரே.

நோய் என்று அறியாத இடத்தில் குடும்பங்கள் தமக்குத் தெரிந்ததைச் செய்கின்றன. கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் வாங்குகின்றனர். மாலை போடும் காலத்தில் குடியை நிறுத்துபவர் மாலையைக் கழற்றியதும் திரும்பக் குடிக்கையில் மனம் உடைகின்றனர். குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்கச் செய்யும் மருந்து என்ற விளம்பரத்தை நம்பி, சோற்றிலும் குழம்பிலும் எதையாவது கலந்து கொடுப்போர் உண்டு. அவற்றில் டைசல்பிராம் என்ற மருந்து இருந்தால், அதன்மேல் குடிக்கும்போது கடும் வாந்தியும், இரத்த அழுத்தச் சரிவும், சில வேளை மரணமும் நேரக்கூடும். நோயாளியின் அறிவும் ஒப்புதலும் இல்லாமல் அதைக் கொடுக்கக் கூடாது என்பதே மருத்துவ விதி. இன்னும் சில குடும்பங்கள் கடன் வாங்கி, பதிவு பெறாத தனியார் மறுவாழ்வு இல்லங்களில் சேர்த்துவிட்டு, அங்கே அடி உதைதான் சிகிச்சையாக இருந்தது என்பதைப் பின்னர் அறிகின்றன. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 மது, போதைப் பொருள்களின் தவறான பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்து, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மருத்துவச் சேவைகளில் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியிருக்கிறது. சட்டம் கொடுத்த உரிமை நடைமுறையில் எவ்வளவு எட்டியிருக்கிறது என்பதைப் புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதைச் சார்பு சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியான நாடளாவிய ஆய்வு அளந்தது: குடிசார்பு நோய் உள்ள 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் ஒரு வகை உதவி கிடைத்திருந்தது, மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர்.

சிகிச்சை பலனளிக்காது என்ற அவநம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, நச்சு நீக்கம், உளவியல் ஆலோசனை, குடும்பத்தினருக்கான பயிற்சி ஆகியவற்றை இணைத்த ஒரு சிகிச்சை முறையைத் தமிழ்நாட்டிலேயே வளர்த்துக் காட்டியது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்து 2017இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வோ, சிறப்பு மருத்துவர்கள் இல்லாமலே எவ்வளவு முடியும் என்பதைக் காட்டியது. மருத்துவப் படிப்பு இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்கள் சில அமர்வுகள் பேசியதில், தீங்கான அளவில் குடித்துவந்த ஆண்களில் 36 விழுக்காட்டினர் மூன்று மாதத்தில் அந்நிலையிலிருந்து மீண்டனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் மீண்டோர் 26 விழுக்காடு. பத்து விழுக்காட்டு வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஒரு மாநிலத்தின் மக்கள்தொகையில் அது பல்லாயிரம் வீடுகள்.

தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் மாத்திரை கொடுக்க வீடு வீடாகச் செல்கின்றனர். குடியின் அளவைக் கண்டறிய உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்துக் கேள்விகளை அவர்கள் கேட்கவும், தேவைப்படுவோரை வட்ட மருத்துவமனைக்கு அனுப்பவும் பயிற்சியளிப்பது அரிய செயலன்று. 2025இல் அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்ற பெயரில் போதை மீட்பு மையங்கள் திறக்கப்பட்டது வரவேற்கத்தக்க தொடக்கம். எனினும், நான்காயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் ஊர்தோறும் இருக்க, மீட்பு மையம் மாவட்டத் தலைநகர் அளவிலேயே நின்றுவிட்டால், ஒரு நாள் கூலியை இழந்து அங்கே போய்வர முடியாதவருக்கு அது இல்லாததற்குச் சமமே. கூடவே, கடையின் விற்பனை நேரத்தைச் சுருக்குவதும், சோடா, இசைத்தட்டு என்ற போர்வையில் வரும் மது விளம்பரங்களைத் தடுப்பதும், மதுக்கூடங்களின் வெளியே முறையான மூச்சுச் சோதனை நடத்துவதும் அரசின் கைக்குள் இருப்பவையே.

இவற்றுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குத் தாய்லாந்து 2001இலேயே விடை கண்டது. மது, புகையிலை ஆகியவற்றின் ஆயத்தீர்வையோடு 2 விழுக்காட்டைக் கூடுதலாக வசூலித்து, அதை வேறெதற்கும் திருப்ப முடியாதபடி மக்கள் நல்வாழ்வுக்கான தனி நிதியத்துக்குச் செலுத்தும் சட்டத்தை அந்நாடு இயற்றியது. தமிழ்நாட்டின் 2024-25 மது வருவாயில் 2 விழுக்காடு என்பது ஏறத்தாழ 967 கோடி ரூபாய். அடுத்த நிதிநிலை அறிக்கையில் இதற்கென ஒரு தனி நிதியத்தை ஏற்படுத்தி, ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் குடிசார்பு நோய்க்கான படுக்கைகளையும், நச்சு நீக்க மருந்துகளையும், நிரந்தர ஆலோசகரையும் அரசு உறுதிசெய்ய வேண்டும். அந்நிதியின் செலவுக் கணக்கைக் கடைகளின் எண்ணிக்கைக்குப் பதிலாகச் சட்டப்பேரவை ஆண்டுதோறும் கேட்டுப் பெற வேண்டும். வாக்குக் கேட்டு வரும் வேட்பாளரிடம், தங்கள் ஊர் மருத்துவமனையில் குடிநோயாளிக்குப் படுக்கை உண்டா என்ற கேள்வியை வாக்காளர்கள் முன்வைக்க வேண்டும்.